பழைய ட்ரம் மெஷினில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

2025 ஒக்டோபரில் ரோலன்ட் நிறுவனம் டிஆர்-1000 என்ற ட்ரம் மெஷினை அறிமுகப்படுத்தியது. விலை 2,700 அமெரிக்க டொலரளவில். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே எட்டு இலட்சத்துக்கு மேல், வரி தனி. அதன் விளம்பரத்தில் முன்னுக்கு நின்ற செய்தி, அதே நிறுவனத்தின் பழைய ட்ரம் மெஷின்களான, 1980இல் வந்த 808, 1983இல் வந்த 909 ஆகியவற்றின் அனலொக் சுற்றுகள் உண்மையான மின்சுற்றாகவே உள்ளே இருக்கின்றன என்பது. அதே 808 ஒலிகளோ இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன், ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் வைத்துப் பாட்டுச் செய்கிற இளையவர்களுக்கு இதில் குழப்பம் வருவது நியாயம். சும்மா கிடைக்கிற சத்தத்துக்கு ஏன் இவ்வளவு காசு? நாற்பது வருடம் பழையதான அசல் மெஷின் ஏன் புதியதைவிடவும் கூடுதலாக விலை போகிறது?

விடையை முதலே சொல்லிவிடலாம். மதிப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: மின்சுற்று நடந்துகொள்ளும் விதம், மெஷின் நேரம் பிடிக்கும் விதம், வசதி குறைந்ததால் உருவான வேலைமுறை. இந்த மூன்றிலும் பெரும்பகுதியை அசல் மெஷின் வாங்காமலே பெற முடியும். அவற்றின் மேல் ஏறியிருக்கும் சேகரிப்பாளர் விலைக்கும் பாட்டின் தரத்துக்கும் சம்பந்தம் குறைவு. ஏன் என்பதைக் கீழே அடியிலிருந்து பார்ப்போம்.

எதை ட்ரம் மெஷின் என்கிறோம்

கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் இசைக்குழுக்கள் வைத்திருக்கும் ஒக்டபாட் ட்ரம் மெஷின் அல்ல. அது கையால் அடிக்க வேண்டிய கருவி. 1985இல் வந்த முதல் ஒக்டபாட்டுக்குச் சொந்தச் சத்தமே கிடையாது, வேறொரு மெஷினை இயக்குவதற்கு மட்டும் வந்தது. கீபோர்டில் வரும் ‘ஸ்டைல்’ ட்ரம் மெஷினுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் அதில் தாளத்தை முன்கூட்டியே வேறொருவர் செய்து வைத்துவிட்டார்.

ட்ரம் மெஷினுக்குள் மூன்று பகுதிகள் உண்டு:

1. ஒலி மூலம். அடியின் சத்தத்தை உண்டாக்குவது. மின்சுற்று அதிர்ந்து உண்டாக்கினால் அனலொக்; சிப்பில் பதிந்த ஒலியை வாசித்தால் சாம்பிள்.
2. சீக்வென்சர். எந்தப் படியில் (தாளச் சுற்றைச் சமமாக வெட்டிய துண்டில்) எந்த அடி என்று நினைவில் வைத்திருப்பது.
3. கடிகாரம். படிகளுக்கிடையிலான இடைவெளியை அளந்து, ஒவ்வொரு படிக்கும் துடிப்பு அனுப்புவது.

1959இல் வந்த வுர்லிட்சர் சைட்மேன், 1967இல் வந்த ஏஸ் டோன் எஃப்ஆர்-1 போன்றவற்றில் தாளங்கள் உள்ளேயே பதிந்திருந்தன. ரம்பா, வோல்ட்ஸ் என்று பொத்தானை அமுக்கலாம், புதிதாக எழுத முடியாது. 1978இல் ரோலன்ட்டின் சிஆர்-78 பாவிப்பவரே தாளத்தை எழுதிச் சேமிக்க இடம் கொடுத்தது. 1980இல் இரண்டு மெஷின்கள் வந்தன: ஒன்று 808, மற்றது ரொஜர் லின் வடிவமைத்த எல்எம்-1. முன்னது முழுக்க அனலொக். பின்னது, நிசமான ட்ரம்மைப் பதிந்து வாசித்த முதலாவது ட்ரம் மெஷின். பின்னர் வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வழியில், அல்லது இரண்டையும் கலந்து வந்தவைதான்.

808க்குள் அடி எப்படிப் பிறக்கிறது

இலவச சாம்பிளுக்கும் மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

808இன் கிக் (ட்ரம் செட்டின் கனமான அடித்தள அடி) ஓசைக்குள் ‘ஒசிலேட்டர்’ என்று தொடர்ந்து ஓடும் ஒன்று இல்லை. ரெசிஸ்டர்களும் கப்பாசிட்டர்களும் ஓர் ஒப்-அம்ப்பை (சமிக்ஞையைப் பெருக்கும் சிப்) சுற்றிப் பாலம் போல இணைந்த ஒரு சுற்று அமைதியாக இருக்கும். ஒரு மில்லிசெக்கன் நீளமான துடிப்பு அதைத் தட்டும்போது, கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டது போல அது தானாக அதிர்ந்து மெல்ல அடங்கும். அதிர்வெண் ஏறக்குறைய 50 ஹேர்ட்ஸ். தட்டிய முதல் சில மில்லிசெக்கன்கள் மட்டும் ஒரு ட்ரான்சிஸ்டர் இடையில் புகுந்து சுற்றின் ரெசிஸ்டன்ஸைக் குறைக்க, சுருதி சுமார் 130 ஹேர்ட்ஸுக்கு எகிறி விழும். காதில் ‘டக்’ என்று படுவது அந்தப் பகுதி. ‘டிகே’ குமிழைத் திருப்பினால் சுற்றுக்குள் திரும்பிச் செல்லும் சமிக்ஞை கூடி, அதிர்வு நீளும்.

இதிலிருந்து பாட்டுக்கு உதவுகிற விளைவுகள் சில:

1. முதல் அடி அடங்குமுன் இரண்டாவது அடி வந்தால், அது வெறும் சுற்றில் விழுவதில்லை. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் சுற்றில் விழுகிறது. முந்தைய அலை மேலே இருந்த நேரமா, கீழே இருந்த நேரமா என்பதைப் பொறுத்து அடி கொஞ்சம் கனக்கும், கொஞ்சம் மெலியும். சாம்பிள் ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து ஒரே மாதிரி தொடங்கும். அடுத்தடுத்து அடிகள் வரும் தாளத்தில் சாம்பிள் ‘மெஷின் கன்’ போல ஒலிப்பதன் காரணம் இதுதான்.
2. அக்சென்ட் (அழுத்தம்) போட்ட படியில் துடிப்பின் உயரம் மாறுகிறது. 808இல் அது 4 வோல்ட்டிலிருந்து 14 வோல்ட்வரை போகும். சத்தம் கூடுவதுடன் அடியின் தொடக்கமும் மாறும். சாம்பிளின் வொல்யூமை மட்டும் கூட்டினால் இது வராது.
3. ரெசிஸ்டர், கப்பாசிட்டர் ஒவ்வொன்றும் குறித்த அளவிலிருந்து சில வீதம் விலகியே தொழிற்சாலையிலிருந்து வரும். ஆகவே எந்த இரண்டு 808இன் கிக்கும் அச்சொட்டாக ஒன்றல்ல. “அசல் 808 சாம்பிள்” என்று விற்கப்படுவது யாரோ ஒருவரின் ஒரு மெஷின், ஒரு நாளில், ஒரு குமிழ் நிலையில்.

ஹைஹாட்டிலும் (காலால் மூடித் திறக்கும் சோடிச் சிம்பல்) சிம்பலிலும் நடப்பது இதைவிட அழகானது. ஆறு சதுர அலை ஒசிலேட்டர்கள் மெஷின் ஓடும் நேரம் முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் இரண்டு 540, 800 ஹேர்ட்ஸ். மற்ற நான்கும் 200க்கும் 530க்கும் இடையில். ஒன்றுக்கொன்று சுருதி சேராதபடி தெரிவு செய்தவை. அடி வரும்போது கதவு திறப்பது மாதிரி ஒரு துண்டு வெளியே விடப்பட்டு, வடிகட்டிகள் அதன் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுகின்றன. ஆறும் ஒரே நிலையில் திரும்பச் சந்திப்பது மிக அரிது, ஆகவே எந்த இரண்டு ஹைஹாட்டும் ஒன்றாக இராது. 540, 800 இரண்டையும் மட்டும் தனியே எடுத்தால் 808இன் பெயர்போன கவ்பெல் (மாட்டுமணி) சத்தம்.

கிளாப் (கைதட்டல்) சத்தம் நொய்ஸிலிருந்து, அதாவது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலிலிருந்து வருகிறது. சுமார் 10 மில்லிசெக்கன் இடைவெளியில் அடுத்தடுத்து வரும் சிறு வெடிப்புகள், அவற்றின் பின்னால் அறையின் எதிரொலி போல ஒரு வால். பல கைகள் ஒரே கணத்தில் சேராத உணர்வு அந்த இடைவெளியால் வருகிறது.

808இன் உற்பத்தி 1983இல் நின்றதற்கும் ஒரு மின்னணுக் காரணம் சொல்லப்படுகிறது. அதன் ‘ஸ்ஸ்’ ஒலிக்குப் பாவித்த ட்ரான்சிஸ்டர்கள் தரச் சோதனையில் தேறாதவை என்றும், குறைக்கடத்தித் தொழில் முன்னேறியதும் அப்படிப்பட்ட ‘பழுது’ ட்ரான்சிஸ்டர் கிடைக்காமல் போனது என்றும் ரோலன்ட்டின் நிறுவனர் இகுட்டாரோ காகெஹாஷி பின்னாளில் சொன்னார்.

சாம்பிள் மெஷின்கள்: குறைந்த பிட், அழுத்தமான அடி

எல்எம்-1இன் ஒலிகள் 8 பிட், 28 கிலோஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 28,000 மாதிரிகள்). விலை 5,000 டொலரளவில் இருந்ததால் ஏறக்குறைய 500தான் செய்தார்கள். 1982இல் வந்த லின்ட்ரம் 2,995 டொலர். 909 இரண்டையும் கலந்தது: கிக்கும் ஸ்னேரும் அனலொக், ஹைஹாட்டும் சிம்பலும் 6 பிட் சாம்பிள். 6 பிட் என்றால் ஒலியின் உயரத்தைக் குறிக்க 64 படிநிலைகள் மட்டும். இன்றைய சிடி தரமான 16 பிட்டில் அவை 65,536. 909 ஹைஹாட்டின் முரட்டுத்தனம் அந்த 64 படிநிலைகளிலிருந்தும் வருகிறது.

தயாரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் இன்னொன்று 1987இல் ஈ-மு நிறுவனம் விட்ட எஸ்பி-1200. 12 பிட், 26.04 கிலோஹேர்ட்ஸ். மொத்த நினைவகம் சுமார் 10 செக்கன், ஓர் ஒலிக்கு அதிகபட்சம் 2.5 செக்கன். இந்த நெருக்கடியில் ஒரு தந்திரம் பிறந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். வேகம் 1.35 மடங்கு. 10 செக்கனுக்குள் 13.5 செக்கன் இசை அடங்கும். பிறகு மெஷினுக்குள்ளே சுருதியை இறக்கி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது மெஷின் இடையில் உள்ள மாதிரிகளை நிரவிக் கணக்கிடாமல் ஒன்றையே திரும்ப வாசிக்கும். அதனால் மூல ஒலியில் இல்லாத உயர் அதிர்வெண்கள் முளைக்கும். 7ஆம், 8ஆம் வெளியீடுகளில் அவற்றை வெட்டும் வடிகட்டியும் இல்லை. எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்க நியூயோர்க் ஹிப்-ஹொப் ட்ரம்களில் கேட்கும் மணல் தேய்ப்பது போன்ற கரகரப்பு இந்த உயர் அதிர்வெண்களால்தான்.

நேரம்: சுவிங் என்ற கணக்கு

பழைய மெஷின் ‘ஆடும்’ என்கிறார்கள். அதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். இரண்டு பதினாறாம் சுரங்களை (ஒவ்வொன்றும் ஒரு பீட்டின் கால்பங்கு) ஒரு சோடி என்று எடுங்கள். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) வேகத்தில் ஒரு சோடியின் நீளம் 250 மில்லிசெக்கன். இரண்டாவது அடி சரி நடுவில், 125இல் விழுந்தால் சுவிங் 50 வீதம். ரொஜர் லின் எல்எம்-1இல் செய்தது, அந்த இரண்டாவது அடியை மட்டும் பிந்த வைப்பது. 54 வீதத்தில் அது 135இல் விழும், 58இல் 145இல், 62இல் 155இல். 66 வீதத்தை நெருங்கினால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது திஸ்ர நடை.

ஏன் 54, 58, 62 என்று விசித்திரமான எண்கள்? எல்எம்-1இன் கடிகாரம் ஒரு கால் சுரத்தை, அதாவது ஒரு பீட்டை, 48 துண்டுகளாக வெட்டும். ஒரு சோடிக்கு 24 துண்டு. 13/24, 14/24, 15/24, 16/24 என்று ஒவ்வொரு துண்டாகத் தள்ளினால் கிடைப்பவையே இந்த வீதங்கள். லின் பின்னர் வடிவமைத்து 1988இல் அகாய் வெளியிட்ட எம்பிசி-60 கால் சுரத்தை 96ஆக வெட்டும், ஆனால் சுவிங் விதி அதேதான். இன்றைய இசை மென்பொருளில் 57.3 வீதம் என்றும் போடலாம். ஆனாலும் 54, 58 இரண்டையும் முதலில் கேட்டுப் பாருங்கள். 90 பிபிஎம்முக்குக் கிட்டிய வேகத்தில் 54 இறுக்கத்தைத் தளர்த்தும், 58 தலையை ஆட்ட வைக்கும், 62க்கு மேல் போனால் தவில்காரர் திஸ்ரத்துக்குத் தாவியது போலிருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு: கிக், ஹைஹாட், பேஸ் எல்லாவற்றுக்கும் சுவிங் போட்டுவிட்டு, கையால் வாசித்துப் பதிந்த மத்தளத்தை அதன் மேல் வைப்பது. மத்தளக்காரர் தன் ஆட்டத்தை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். இரண்டு ஆட்டங்கள் 10, 15 மில்லிசெக்கன் வித்தியாசத்தில் மோதி, தாளம் தடுக்கி விழும். கையால் வாசித்ததை முதலில் வைத்து, மெஷினின் சுவிங்கை அதற்கேற்ப மாற்றுங்கள்.

16 படிக்குள் நம் நடைகள்

“இந்த மெஷின்கள் நாலு நாலாகத்தான் எண்ணும், எங்கள் தாளத்துக்குச் சரிவராது” என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சரியல்ல. 808இலும் 909இலும் தாளத்தை 16க்கு முன்னரே முடித்துத் திரும்பச் சுற்ற வைக்கலாம். கணினியில் உள்ள எந்தப் படி சீக்வென்சரிலும் இதைச் செய்யலாம்:

1. திஸ்ர நடை: 12 படி. கனமான அடிகள் 1, 4, 7, 10இல். நம் பகுதியின் கும்மி, கோலாட்ட மெட்டுகளில் பல இதில் உட்காரும்.
2. கண்ட நடை: 10 படி. 1, 5, 7இல் அழுத்தம் வைத்தால் 2+1+2 என்று பிரியும்.
3. மிஸ்ர சாபு: 14 படி. 3+2+2 என்ற தட்டு, படிகளில் 1, 7, 11 ஆகும்.

மென்பொருளில் 14 படிச் சுற்றையும் 16 படிச் சுற்றையும் ஒன்றாக ஓடவிட்டால் 112 படிகளுக்கு ஒருமுறைதான் இரண்டும் சமத்தில் சேரும். ஹைஹாட்டை 14இலும் கிக்கை 16இலும் வைத்துப் பார்த்தால் இதன் ருசி தெரியும்.

மலிந்தது ஏன், ஏறியது ஏன்

808இன் விலை 1,195 டொலர். ஏறக்குறைய 12,000 செய்தார்கள். 909உம் அதே விலைதான், சுமார் 10,000. இரண்டும் வந்த காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் அவற்றை விரும்பவில்லை. நிசமான ட்ரம் போலச் சத்தம் வேண்டும் என்றவர்கள் லின் பக்கம் போனார்கள். 1985 அளவில் இரண்டும் பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தன. கையில் காசில்லாத சிக்காகோ, டெட்ரொயிட், நியூயோர்க் இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். ஹவுஸ், டெக்னோ, ஹிப்-ஹொப் மூன்றும் அந்த மலிவின் மேல் கட்டப்பட்டவை. நம் பக்கத்தில் இவை வந்த கதையும் உண்டு: மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இலேயே 808இன் தாளத்தின் மேல் இராகங்களை வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார்.

இசை வளர, உற்பத்தி நின்றுபோன மெஷின்கள் அரிதாகின. இன்று நல்ல நிலையில் உள்ள 808 பல ஆயிரம் டொலர் கேட்கும். இந்த விலையில் பெரும்பகுதி அருமைக்கும் வரலாற்றுக்கும் கொடுப்பது. 2019இல் பெரிங்கர் வெளியிட்ட ஆர்டி-8 அதே சுற்றை அனலொக்காகவே நகல் செய்து, அசலின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விற்றது. மேலே சொன்ன மூன்று விளைவுகளும் அதிலும் உண்டு. ஆகவே “அனலொக் நடத்தை வேண்டும்” என்பது மட்டும் உங்கள் தேவையானால், அசலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அசலை இங்கே கொண்டுவந்தால்

யாரேனும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஊடாகவோ ஏலத் தளத்திலோ பழைய மெஷின் எடுத்தால், முதலில் பார்க்க வேண்டியது சத்தத்தையல்ல, பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டை. ஜப்பான் உள்நாட்டு மெஷின் 100 வோல்ட், அமெரிக்க மெஷின் 117. நம் சுவரில் 230. நேரே செருகினால் ஃபியூஸ் எரிந்தால் அதிர்ஷ்டம். எரியாவிட்டால் உள்ளே ட்ரான்ஸ்போமரும் ரெகுலேட்டரும் போகும். 808 அளவான மெஷினுக்கு 50 வோல்ட்-அம்பியர் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் தாராளம். ஆனால் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 110 வோல்ட் வெளியீடு. ஜப்பான் மெஷினுக்கு அது பத்து வீதம் கூடுதல். உடனே பழுதாகாது, ரெகுலேட்டர் தேவையில்லாமல் சுடும். வாங்குமுன் மல்டிமீட்டரால் வெளியீட்டை அளந்து பாருங்கள்.

இரண்டாவது எதிரி காற்று. மட்டக்களப்பு நகரம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில். கல்லடி, காத்தான்குடி, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் கரையோரம். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று, ஐப்பசியிலிருந்து தை வரை மழை. பழைய மெஷினில் இது பிடிக்கும் இடங்கள்:

1. பொத்தான்கள். உள்ளே தொடுமுனை கறுத்து, ஒருமுறை அமுக்கினால் இரண்டு அடி விழும், அல்லது ஒன்றும் விழாது. துடைத்தால் சில மாதம் ஓடும், மாற்றுவதே தீர்வு.
2. குமிழ்கள். திருப்பும்போது ‘கரகர’. மின்தொடுப்புக்கான கிளீனர் ஸ்ப்ரே சிறிதளவு விட்டு இருபது முறை முழுதாகத் திருப்ப வேண்டும். துருவுக்குப் போடும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே கூடாது. அது தூசியை ஒட்டவைத்துப் பின்னர் இறுகும்.
3. பற்றரி. தாளங்களை நினைவில் வைக்க உள்ளே பற்றரி இருக்கும். 808இல் அவை கழற்றக்கூடியவை. வேறு சிலவற்றில் சர்க்கிட் போர்டிலேயே ஈயம் பிடித்திருக்கும். கசிந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துச் செப்புக் கோடுகளைத் தின்னும். கசிவு காரத் தன்மையுள்ளது. வெள்ளை வினாகிரியைப் பஞ்சில் தொட்டு நடுநிலையாக்கி, பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவி, ஒரு நாள் உலரவிட்ட பின்னரே மின் கொடுக்க வேண்டும்.
4. மின்வழங்கியின் கப்பாசிட்டர்கள். காய்ந்துபோனால் வெளியீட்டில் 100 ஹேர்ட்ஸ் ‘ம்ம்ம்’ கேட்கும். அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை தரம் பார்த்துப் போடுங்கள். துருவம் மாறினால் வெடிக்கும்.

இவற்றை ரேடியோ, டி.வி திருத்தும் அனுபவமுள்ள எவரும் செய்வார். செய்ய முடியாதது ஒன்று: 808இன் மூளையாக இருக்கும் 4 பிட் புரொசஸர், தொழிற்சாலையிலேயே நிரல் பதிந்து வந்த சிப். அது போனால் கடையில் புதிது கிடையாது. விற்பவரிடம், பொத்தான்களை அமுக்கித் தாளம் எழுதி, மெஷினை அணைத்து, திரும்பப் போட்டு, அதே தாளம் ஓடுவதை ஒரே காணொளியில் காட்டச் சொல்லுங்கள். புரொசஸர், நினைவகம், பற்றரி மூன்றும் அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இணைப்பு. இசைக் கருவிகளையும் கணினியையும் பேசவைக்கும் பொது இணைப்பு முறையான மிடி 1983இல்தான் வந்தது. 808இல் அது இல்லை. பின்னால் உள்ள ஐந்து ஊசித் துளை மிடி போலவே இருக்கும், ஆனால் அது டின் சிங்க், மெஷின்களை ஒரே நேரத்தில் ஓடவைக்கும் பழைய முறை. 1ஆம் ஊசி தொடக்கமும் நிறுத்தமும், 3ஆம் ஊசி கடிகாரம். மிடியோ 4, 5ஐப் பாவிக்கிறது. மிடி வயரை நேரே செருகினால் மெஷின் ஓடாது. இரண்டுமே கால் சுரத்துக்கு 24 துடிப்பு என்பதால் இடையில் ஒரு சிறிய மாற்றிப் பெட்டி போதும். லின்ட்ரம் 48, ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் 96 துடிப்பு கேட்கும்; தப்பான மாற்றி போட்டால் தாளம் பாதி வேகத்திலோ கால் வேகத்திலோ ஊர்ந்து போகும்.

மெஷின் இல்லாமல் 808 கிக்

எந்த சிந்தசைசர் மென்பொருளிலும்:

1. ஒரு சைன் அலை, 50 ஹேர்ட்ஸ்.
2. சுருதிக்கு ஓர் என்வலப் (நேரத்தோடு அளவை மாற்றும் கோடு): 130இல் தொடங்கி 10 மில்லிசெக்கனுக்குள் 50க்கு இறங்கட்டும்.
3. ஒலியளவுக்கு ஓர் என்வலப்: குறுகிய அடி வேண்டுமானால் 300 மில்லிசெக்கன். ட்ராப் வகை ஹிப்-ஹொப் பாட்டுக்கு 1 முதல் 2 செக்கன்.
4. குரல் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய அடிகள்) ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் நீண்ட கிக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அலைகள் எதிரெதிராக விழும் இடத்தில் ஓர் அடி காணாமல் போகும். “என் மூன்றாவது கிக் மட்டும் கேட்கவில்லை” என்ற முறைப்பாட்டின் காரணம் அநேகமாக இதுதான்.
5. கடைசியில் மெல்லிய சட்டுரேஷன் (ஒலியை இலேசாகச் சிதைத்தல்).

ஐந்தாவதை விட்டுவிடாதீர்கள். போன் ஸ்பீக்கரும் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரும் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது. வெறும் 50 ஹேர்ட்ஸ் கிக் அவற்றில் மௌனம். சட்டுரேஷன் 100, 150, 200 என்று மேல் மடங்குகளைச் சேர்க்கும். காது அவற்றிலிருந்து அடித்தளத்தை ஊகித்துக்கொள்ளும்.

சுருதி சேர்ப்பதும் அவசியம். 50 ஹேர்ட்ஸ் என்பது 49 ஹேர்ட்ஸான 5 கட்டைக்கு மிகக் கிட்ட. பாட்டு 5 கட்டையில் என்றால் அப்படியே சரி. 1 கட்டைப் பாட்டில் அது பஞ்சமமாக விழும், அதுவும் இனிக்கும். 5½ கட்டையில் பாடுபவருக்கு அதே கிக்கைப் போட்டால் அரைச் சுரம் இடித்து, பாட்டு முழுக்க ஏதோ புளித்தது போலிருக்கும், 51.9க்கு ஏற்றுங்கள். 6 கட்டைக்கு 55, 6½க்கு 58.3, 4½க்கு 46.2. 65க்கு மேலே ஏற்றினால் கனம் போய் டொம் போல ஒலிக்கத் தொடங்கும்.

நம் தோற்கருவிகளை அந்த வழியில்

எல்எம்-1இல் கேட்பது லொஸ் ஏஞ்சலிஸ் ட்ரம் கலைஞர் ஒருவரின் அடிகள். ஒரு மனிதரின் கை, ஓர் அறை. அந்தத் தலைமுறை மெஷின்களில் பறைமேளமோ, கூத்து மத்தளமோ, சல்லரியோ, பக்கீர்மாரின் றபானோ இல்லை. இந்த மாவட்டங்களில் இருக்கும் தயாரிப்பாளருக்கு எட்டு இலட்சம் ரூபாய் மெஷினைவிடப் பெரிய சொத்து அந்த ஒலிகள்தான். அண்ணாவிமாரும் பறைக் கலைஞர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசையும் நாடகமும் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்டு, கூலி கொடுத்து, பெயர் போட்டுப் பதியுங்கள். உடுக்கையைச் சடங்கு நேரத்தில் பதியாமல், பூசகரிடம் அனுமதி கேட்டு வேறொரு நாளில் பதிவதே முறை.

பதிவுக்கு:

1. மெத்தை, துணி அடுக்கிய சிறிய அறை. மைக் தோலிலிருந்து 30 முதல் 40 சென்ரிமீற்றர், நேரே நடுவைப் பார்க்காமல் கொஞ்சம் சாய்வாக. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அளவில்.
2. ஒவ்வொரு அடிக்கும் மெல்லியது, நடுத்தரம், பலம் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு தடவை. கணினியில் அந்த நான்கையும் சுழற்சி முறையில் வாசிக்க வைத்தால் ‘மெஷின் கன்’ தொல்லை தீரும்.
3. மாரி காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பறையையும் றபானையும் சூடு காட்டிய பிறகு சில நிமிடங்களே அது நிற்கும். சூடு காட்டிய உடன் ஒரு பலமான அடி, முடிவில் அதே அடி. இரண்டையும் ஒப்பிட்டு இறங்கியிருந்தால் திரும்பக் காய்ச்சிப் பதியுங்கள்.

எஸ்பி-1200இன் மணல் வேண்டுமானால் வரிசை முக்கியம். முதலில் ஒலியை 5 அரைச் சுரம் மேலே ஏற்றிப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். அதைப் பிட்-கிரஷரில் (பிட்டையும் மாதிரிகளையும் குறைக்கும் எஃபெக்ட்) 12 பிட், 26 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள். மென்பொருளில் நிரவிக் கணக்கிடும் வசதி, இன்டர்பொலேஷன், இருந்தால் அணையுங்கள். பிறகு 5 அரைச் சுரம் கீழே கொண்டுவாருங்கள். மூல ஒலியில் 10 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே இருந்தது போய், அந்த இடத்தில் புதிய கரகரப்பு வந்திருக்கும். இறக்கிய பின்னர் கிரஷ் செய்தால் ஒலி மங்குமே தவிர அந்தக் கடி வராது. பறையின் குச்சி அடியில் இது நன்றாக எடுபடும். சல்லரிக்கு 12 பிட்டுக்குக் கீழே போகாதீர்கள். அதன் நீண்ட ஒலி அடங்கும் இடத்தில் படிநிலைகள் தனித்தனியாகக் கேட்டு, காற்றில் கிழிந்த தாள் போலாகிவிடும். மத்தளத்தின் இடந்தலையை 808 கிக்கின் அதே சுருதிக்கு இறக்கி இரண்டையும் ஒன்றாக வைத்தால், தொடக்கம் மத்தளத்திலிருந்தும் அடித்தளம் சைன் அலையிலிருந்தும் வரும். அப்போது மத்தளத்தில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.